தாய்மாமன் வேடம்

ஈசா டவுன், பஹ்ரைன்
4 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அண்ணனுக்கு நாகவள்ளி எழுதுவது.

இங்கே நான், இவர், தன்யா மூவரும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? இந்த வெயிலில் டயர் தூக்காதே என்று சொன்னால் நீ கேட்கவா போகிறாய்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. உங்கள் ஷார்ஜாவுக்கு வாட்ஸ்அப் கால் போகாது. சாதாரண போனில் நான் ‘அண்ணே’ என்று ஆரம்பித்ததுமே ஹாலில் டிவி சத்தம் குறைந்துவிடும். இவருக்குக் காது அப்படி. மெசேஜ் அனுப்பலாம் என்றால் என் போன் இந்த வீட்டில் ரிமோட் மாதிரி, யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். அதனால்தான் காகிதம். நீயும் வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. கீழே உமாராணி டீச்சர் விலாசம் கொடுத்திருக்கிறேன். இங்கே இந்தியப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள், நம்பலாம்.

எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. வீட்டிலேயே, கம்ப்யூட்டரில். அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கு முன்னால் எடுத்த ஊமைப் படங்களை ஒரு கம்பெனி சுத்தம் செய்கிறது. ஓடும் படத்தைத் தனித்தனிப் படமாகப் பிரித்து அனுப்புவார்கள். அதில் விழுந்திருக்கும் தூசி, கீறல், பூஞ்சை எல்லாவற்றையும் நான் ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்குவது போலத்தான். அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா?

இந்தப் படங்களில் ஒரு ஆள் வருகிறான், அண்ணே. காது இரண்டும் விறைத்து நிற்கும், இடது புருவம் பாதியில் நின்றுபோயிருக்கும். முதல் படத்தில் குதிரை வண்டி ஓட்டி வந்து, வந்த வேகத்தில் குண்டடிபட்டுச் செத்தான். சரி, போய்ச் சேர்ந்தான் என்று நினைத்தேன். அடுத்த படத்தில் போலீஸ்காரன். அதற்கடுத்ததில் கொல்லன். இன்னொன்றில் முதலில் ஜெயிலர், கடைசியில் ஒட்டுமீசையோடு கோர்ட்டில் ஜூரி, இரண்டும் இவனேதான். இவனை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தால், உன்னைத்தான்.

தன்யாவுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் பெயர் விஜயபாஸ்கர். கூடிவரும் போலத் தெரிகிறது. வேறு விசேஷமில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை
நாகவள்ளி


ஷார்ஜா தொழில்பேட்டை
22 ஆகஸ்ட் 2023

என் தங்கச்சி வள்ளிக்கு அண்ணன் கார்மேகம் அன்போடு எழுதுவது.

நான் நல்ல சுகம். முதுகுவலி அதன் பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன். இங்கே வெயில் கொஞ்ச நஞ்சமல்ல. கோடவுனில் டயர் ரப்பர் வாடையில் சோறும் ரப்பராகத்தான் ருசிக்கிறது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லையே?

ஒட்டுமீசை ஜூரியைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் ரூம்காரர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். நானும் அப்படித்தானே. கோடம்பாக்கத்தில் துணை நடிகனாகப் பதினாறு வருஷம் குப்பை கொட்டினேன். ஒரே படத்தில் கல்யாண வீட்டுப் புரோகிதரும் நான், எழவு வீட்டு வெட்டியானும் நான். யாரும் கண்டுபிடிக்கவில்லை. இங்கே வந்தும் அந்தப் பைத்தியம் விடவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் பாலைவனத்தில் படம் எடுக்க வந்தால் கூட்டத்தில் நிற்க ஆள் கேட்பார்கள். லீவு நாளாகப் பார்த்துப் போய் நிற்பேன். போன தடவை ஒட்டகத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஒட்டகத்துக்கு குளோசப் வைத்தார்கள், எனக்கு இல்லை.

அது கிடக்கட்டும். பெரிய விஷயத்தைக் கடைசி வரியில் கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறாயே, கழுதை. தன்யாவுக்குக் கல்யாணமா! மாலை எடுத்துப் போட்டு, கையைப் பிடித்து அவளை மணவறைக்குக் கூட்டிப்போக வேண்டியவன் நான். சினிமாவில் எத்தனையோ பெண்களுக்குத் தாய்மாமனாக நின்றுவிட்டேன். எனக்கென்று பெண்டாட்டி பிள்ளை இல்லை. நிஜத்தில் இருப்பது அவள் ஒருத்திதான். மாப்பிள்ளைக்கு என்னைப் பிடிக்காது என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் முறை முறைதான். அதில் யார் கை வைக்க முடியும்?

சூப்பர்வைசர் யஹ்யாவிடம் அன்றைக்கே லீவு சொல்லிவிட்டேன். சூடான்காரர், தங்கமான மனுஷன். “யல்லா, தேதி போலோ” என்றார், சீக்கிரம் தேதியைச் சொல் என்று. தேதி என்ன? கல்யாணம் எந்த ஊரில்? உடனே எழுது.

அண்ணன்
கார்மேகம்


ஈசா டவுன்
18 செப்டம்பர் 2023

அன்புள்ள அண்ணனுக்கு வள்ளி எழுதிக்கொள்வது.

நலம். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எனக்குக் கண் எரிச்சல், வேறொன்றுமில்லை. காலையில் இவர் ஆபீசுக்கும் தன்யா பேங்குக்கும் கிளம்பிவிட்டால், பொழுது சாய்கிற வரைக்கும் இந்த வீட்டில் வாய் திறப்பது ஏசி மட்டும்தான். சாயங்காலம் அப்பனும் மகளும் வந்து இங்கிலீஷில் பேசிக்கொள்வார்கள். நான் தோசை வார்த்துப் போடுவேன்.

அந்த ஆளின் பெயர் கிடைத்துவிட்டது. எஸ்ரா க்ரோலி. கம்பெனி அனுப்பிய நடிகர் பட்டியல் தாளில் கடைசிக்கு முந்தின பெயர். சில படங்களில் அதுவும் கிடையாது, ‘ஒரு ஆள்’ என்று போட்டிருக்கிறார்கள். 1911-இல் முதல் படம். அப்போது கன்னம் உப்பிய பையன். இப்போது நான் துடைத்துக்கொண்டிருக்கும் படத்தில் கன்னம் வற்றிவிட்டது. ஒரு மனுஷனுக்கு வயசாவதை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. நம் அப்பாவைக்கூடப் பார்க்கவில்லை. 

அவனிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. கதாநாயகன் அழும்போது, பக்கத்தில் நிற்கும் மற்றவர்கள் எல்லாம் அவனையே பார்ப்பார்கள், தாங்களும் உதட்டைப் பிதுக்குவார்கள். எஸ்ரா மட்டும் தன் கையிலிருக்கும் தொப்பியைப் பார்ப்பான். கையில் தொப்பி இல்லையென்றால் தரையைப் பார்ப்பான். ஏன் அப்படிச் செய்கிறான்? உனக்குத் தெரிந்திருக்கும், எழுது.

தன்யா விஷயம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றும் முடிவாகவில்லை.

மருந்தை நிறுத்தாதே.

வள்ளி


ஷார்ஜா
6 அக்டோபர் 2023

தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது. சுகம், சுகமறிய ஆவல்.

எஸ்ராவின் கன்னத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். கல்யாணத் தேதியைப் பற்றி ஒரு வரி. உனக்கு யார் சொந்தம், அவனா நானா?

தொப்பி விஷயம் சொல்கிறேன், கேள். ஹீரோ அழும்போது நீயும் அழுதால் உன்னைத் தூக்கிவிடுவார்கள். ‘யாருய்யா அது, முந்திரிக்கொட்டை’ என்று டைரக்டர் கத்துவார். அழாமல் மரம் மாதிரி நின்றாலும் கெட்டது. தொப்பியைப் பார்த்தால், இவனுக்கும் மனசு கஷ்டப்படுகிறது, அதை வெளிக்காட்டக் கூச்சப்படுகிறான் என்று ஜனத்துக்குத் தெரியும். ஆனால் பார்வை ஹீரோ மேலேதான் இருக்கும். எஸ்ரா நல்ல கெட்டிக்காரன். அவன் இந்த ஊரில் இருந்தால் ஒரு சுலைமானி டீ வாங்கிக் கொடுத்துப் பேசிக்கொண்டிருப்பேன். ரூமில் பேச ஆள் உண்டு. ஆனால் இதையெல்லாம் யாரிடம் பேசுவது? போனைப் பார்த்துக்கொண்டே ‘ஆங், ஆங்’ என்பார்கள்.

நேற்று துபாய் மீனா பஜார் போய் தன்யாவுக்குப் பட்டுப்புடவை எடுத்துவிட்டேன். மாம்பழ நிறம், அரக்கு பார்டர். கடைக்காரன் “யாருக்கு?” என்றான். “மருமகளுக்கு, நான் தாய்மாமன்” என்றேன். இதைச் சொல்லிக் கேட்க எனக்கே நன்றாக இருந்தது. இன்னொரு தடவையும் சொன்னேன். புடவை என் தலைமாட்டில்தான் இருக்கிறது.

யஹ்யா தினமும் தேதி கேட்கிறார். இப்போது சொன்னால்தான் லீவு கிடைக்கும்.

கார்மேகம்


ஈசா டவுன்
12 நவம்பர் 2023

அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். தீபாவளிக்கு நீ எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா, என்ன சாப்பிட்டாய்? இங்கே நான் அதிரசம் சுட்டேன், பாகு முறிந்துபோய்விட்டது.

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. வேலை அதிகம்.

எஸ்ரா 1919-இல் ஒரு படத்தில் ஓடுகிற சாமான் வண்டியிலிருந்து விழுகிறான். கதைப்படி விழ வேண்டியதுதான். ஆனால் விழுந்த விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. இடது கால் வண்டிச் சக்கரத்துப் பக்கம் போகிறது. அந்த ஒரு நொடியைத் துடைக்க எனக்கு அரை நாள் ஆனது. அதற்குப் பின்னால் வந்த படங்களைக் கவனித்துப் பார்த்தேன். அவன் நடக்கவே இல்லை, அண்ணே. நீதிபதியாக மேஜைக்குப் பின்னால். மளிகைக்காரனாகக் கல்லாவுக்குப் பின்னால். தாத்தாவாகச் சாய்வு நாற்காலியில். நிற்க வேண்டி வந்தால் ஒரு கை எதையாவது பிடித்திருக்கும். கதவு, தூண், இன்னொருத்தன் தோள். படம் பார்த்த எவனுக்கும் இது தெரிந்திருக்காது. ஒவ்வொன்றாகத் துடைக்கிறவளுக்குத் தெரிகிறது. அவனுக்கு அன்றைக்கு யாராவது தண்ணீராவது கொடுத்தார்களா என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

தன்யாவுக்கு நிச்சயம் முடிந்தது. சின்ன அளவில்தான், அவசரமாக. சொல்ல நேரமில்லை.

வள்ளி


ஷார்ஜா
24 நவம்பர் 2023

தங்கச்சிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன்.

சித்தப்பா மகன் சுரேஷ்குமார் சவுதி ஜுபைலில் இருந்து காரில் கடல் பாலம் தாண்டி வந்து தன்யா நிச்சயத்தில் நின்ற போட்டோவை ஸ்டேட்டஸில் போட்டிருந்தான். தட்டு மாற்றும்போது தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறான். பட்டு வேட்டி, பொன்னாடை. பிளாண்ட்டில் பெரிய இன்ஜினியர், பொருத்தமாகத்தான் இருந்தது.

எஸ்ராவின் காலைப் பற்றி எழுதியிருந்தாய். பாவம்தான்.

நான் கல்யாணத்துக்கு வர வேண்டுமா, வேண்டாமா? அதை மட்டும் எழுது.

கார்மேகம்


ஈசா டவுன்
19 டிசம்பர் 2023

அண்ணனுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு முகமில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். உமாராணி டீச்சர் நேற்று, “கடிதம் ஏதும் கொடுக்கலையா, லீவுல ஊருக்குப் போறேன், துபாய் வழியாத்தான்” என்று கேட்டாள். அதனால் இன்று எழுதியாக வேண்டும்.

ஜூலையில் பிள்ளைவீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். தாய்மாமன் யார், என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். கேட்கத்தானே செய்வார்கள். இவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “அவர் கொரோனாவுல தவறிட்டாருங்க” என்றார். சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ பாவம், கூடப் பிறந்தவர் ஒருத்தர்தானா?” என்றார். நான் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் போன பிறகு இவரிடம் சண்டை போட்டேன். “லேபர் கேம்ப்ல இருக்கான், டயர் ஏத்துறான், முன்னாடி சினிமால பொணமா நடிச்சான், இதையெல்லாம் சொல்லச் சொல்றியா?” என்றார். சுரேஷ்குமாரை நிற்க வைப்பது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். தன்யாவுக்கு உன் ஞாபகம் அவ்வளவாக இல்லை. ஐந்து வயசில் பார்த்தது. அப்பா சொன்னதையே அவளும் நம்பிக்கொண்டிருக்கிறாள். நீ நன்றாக இருக்கிறாயா என்று தெரிந்துகொள்ளத்தான் அடுத்த வாரமே உனக்கு எழுத ஆரம்பித்தேனோ என்னவோ.

கல்யாணம் ஜனவரி 28. ஊர் துபாய். பிள்ளைவீட்டார் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். உன் கேம்ப்பிலிருந்து டாக்ஸியில் வந்துவிடலாம். இவ்வளவு நாள் நான் ஊர்ப் பெயரை எழுதாததற்குக் காரணம் அதுதான்.

வா என்று எழுதத் தைரியமில்லை. வராதே என்று எழுத மனசில்லை. நீயே சொல்.

வள்ளி


ஷார்ஜா
5 ஜனவரி 2024

என் தங்கச்சி வள்ளிக்கு அண்ணன் எழுதுவது.

நான் சுகம். உன் கண் எரிச்சல் எப்படி இருக்கிறது? ராத்திரியில் அந்தக் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழாதே.

நான் செத்துவிட்டேன் என்றால் அதற்கு ஏன் இவ்வளவு வருத்தப்படுகிறாய்? இது எனக்கு முதல் தடவையா? பாம்பு கடித்துச் செத்திருக்கிறேன், வெள்ளத்தில் போயிருக்கிறேன், வில்லன் ஆள் குத்தி எத்தனையோ தடவை. கொரோனாவில்தான் இதுவரை சாகவில்லை. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவனை அப்படியே வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்கச் சொல்லி, அதையும் படம் பிடித்த பிறகுதான் எழுப்பிவிடுவார்கள். தோஷம் கழிய. உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் நானும் அப்படிச் சிரித்துப் பார்த்தேன். பொய் சொல்லமாட்டேன், சிரிப்பு பாதியில் அழுகையாகப் போய்விட்டது. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

மாப்பிள்ளை மேல் கோபம் இல்லை என்றால் அதுவும் பொய். இருக்கிறது. ஆனால் சபையில் சொன்ன சொல். அதை உடைத்தால் தன்யா தலையில்தான் விழும்.

28-ஆம் தேதி எனக்கு டூட்டி. வரமாட்டேன். நீ பயப்படாமல் கல்யாண வேலையைப் பார். புடவையை யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன்.

அண்ணன்
கார்மேகம்


ஈசா டவுன்
3 பிப்ரவரி 2024

அண்ணனுக்கு நாகவள்ளி எழுதுவது.

நான் சுகமில்லை. நீயும் சுகமாக இருக்க மாட்டாய். அதனால் இந்தத் தடவை விசாரிப்பு வேண்டாம்.

எவ்வளவு திமிர் இருந்தால் அப்படிச் செய்வாய்? வரமாட்டேன் என்று எழுதிவிட்டு வந்து நிற்கிறாய், அதுவும் கேட்டரிங்காரன் யூனிபாரத்தில், தலையில் வலைத் தொப்பி, கையில் காபி தட்டு. முப்பது வருஷ மீசையைக் காணோம். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. முன்வரிசையில் எல்லோருக்கும் காபி நீட்டிக்கொண்டு வந்தாய். தன்யா மணவறைப் பக்கம் வந்ததும் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நீ மட்டும் குனிந்து தட்டைப் பார்த்தாய். அப்போதுதான் அது நீ என்று தெரிந்தது.

“தாய்மாமன் வாங்க, மாலை எடுத்துப் போடுங்க” என்று ஐயர் கூப்பிட்டார். சுரேஷ்குமார் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தான். அப்புறம் எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. இவர் என் கையைப் பிடித்திருந்தார், உதறிவிட்டேன். “அண்ணே, கார்மேகண்ணே, வந்து மாலையை எடுண்ணே” என்று சபையில் கத்தினேன். வாழ்க்கையிலேயே நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

நீ என்ன செய்தாய்? எல்லோரையும் போலத் திரும்பி, உனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாய். யாரும் இல்லை என்றதும் என்னைப் பார்த்து, “என்னையாம்மா? ஆள் மாறிப்போச்சு போல. நான் கேட்டரிங்குங்க. காபி வேணுமா?” என்றாய். உன் முகத்தில் ஒரு சின்ன ஆட்டம்கூட இல்லை. பாவி, எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

சம்பந்தியம்மா எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். “செத்துப்போன அண்ணன் நெனப்பு, பாவம், இந்த நேரத்துல வரத்தானே செய்யும்” என்று எல்லோருக்கும் சொன்னார். உன் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஹாலில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். நீ ஒரு டம்ளரை எடுத்து என் கையில் வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாய். சுரேஷ்குமார் மாலை போட்டான். தாலி ஏறியது.

மறுநாள் காலையில் தன்யா தன் பெட்டியை அடுக்கும்போது கேட்டாள். “அம்மா, அந்த காபி அங்கிள் யாரு? நீங்க கூப்பிட்டதும் அவர் கைத் தட்டுல டம்ளரெல்லாம் சத்தம் போட்டுச்சு. எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு போல.” நான் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. நேராகப் போய் விஜயபாஸ்கரைக் கூட்டிவந்து, “திரும்பச் சொல்லுங்க” என்றாள். அவர் முழுதும் கேட்டுவிட்டு, “உயிரோட இருக்கிற மனுஷனை இப்படியா அத்தை செய்வாங்க?” என்றார். தன் அம்மாவிடமும் அவரே சொல்லிவிட்டார். அந்த அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் போன் செய்து, “மறுவீட்டு விருந்து தாய்மாமன் வீட்டுலதான் முதல்ல. அதை விட்டுறாதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இவர் இன்னும் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், தோசை மட்டும் சாப்பிடுகிறார்.

தன்யாவும் மாப்பிள்ளையும் ஷார்ஜாவில்தான் வீடு எடுத்திருக்கிறார்கள். 18-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன்னிடம் விருந்துக்கு வருகிறார்கள். இலை போடு. அவர்களிடமும் போய், ஆள் மாறிப்போச்சு என்று சொன்னாயானால் நான் உன் தங்கச்சி இல்லை.

எஸ்ராவின் கடைசிப் படத்தையும் முடித்துவிட்டேன். பேசும் படம். கதவைத் திறந்து, ‘அவர் வீட்டில் இல்லை’ என்று ஒரு வரி சொல்கிறான். கணீர் என்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். கீச்சுக்குரல். அதற்குப் பிறகு அவன் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. இப்போது வேறு யார் யாருடைய முகத்தையோ துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

நாகவள்ளி


ஷார்ஜா
20 பிப்ரவரி 2024

தங்கச்சி வள்ளிக்கு அண்ணன் எழுதுவது.

நான் சுகம். நீ கோபமாக இருந்தாலும் சுகமாக இருக்க வேண்டும்.

முதலில் கல்யாணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கேம்ப்புக்குச் சாப்பாடு போடும் மெஸ்காரர் ஜெயசீலனுக்குத்தான் உன் வீட்டுக் கல்யாண ஆர்டர் வந்தது. தன்யா பெயர் எழுதின பலகை அவர் வேனில் கிடந்தது. ஒரு நாள் பரிமாற வருகிறேன் என்றேன். அவ்வளவுதான். யாருக்கும் தெரியாமல் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வந்தேன். நீ கத்துவாய் என்று நான் கண்டேனா? நான் ‘ஆமாம்’ என்று வந்திருந்தால் உன் வீட்டுக்காரர் அத்தனை பேர் முன்னாலும் பொய்யராக நின்றிருப்பார். தன்யா கழுத்தில் இன்னும் தாலி ஏறவில்லை, வள்ளி. அந்த நேரத்தில் வேறு என்ன செய்ய? பின்னால் திரும்பிப் பார்த்தது மட்டும் நான் யோசித்துச் செய்ததில்லை, தானாக வந்தது. இத்தனை வருஷத்தில் நான் நன்றாக நடித்தது அது ஒன்றுதான். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கேம்ப்புக்குள் பெண்களை விடமாட்டார்கள். அதனால் ஜெயசீலன் மெஸ்ஸில் கூட்டம் போன பிறகு பின்பக்க மேஜையைத் துடைத்து இலை போட்டேன். கேசரி, வடை, இரண்டு பொரியல், பாயசம். ஜெயசீலன் கறி வைக்கலாம் என்றார், முதல் விருந்துக்கு வேண்டாம் என்றுவிட்டேன். தன்யாவுக்கு உன் நெற்றி. புடவையைக் கொடுத்தேன். அங்கேயே பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டு, “மாமா, கலர் சூப்பர்” என்றாள். மாமா என்றாள், வள்ளி. விஜயபாஸ்கர் பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். கேட்டு வாங்கினால்தான் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நல்ல பையன்.

கிளம்பும்போது இரண்டு பேரும் சேர்ந்து என் காலில் விழுந்தார்கள். அந்தச் சிமென்ட் தரையில், சாம்பார் சிந்தின இடத்தில். எத்தனை படத்தில் எத்தனை பேருக்கு ஆசீர்வாதம் செய்திருப்பேன். கையை எவ்வளவு உயரம் தூக்குவது, எப்போது கண் கலங்குவது, எல்லாம் தெரியும். ஆனால் கை எழவே இல்லை. தீர்க்க சுமங்கலி என்ற வார்த்தைகூட மறந்துவிட்டது. தன்யாதான் எழுந்து, “இட்ஸ் ஓகே மாமா” என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

ரோடு வரைக்கும் போய் டாக்ஸி ஏற்றிவிட்டேன். தன்யா கண்ணாடி வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். டாக்ஸி முனை திரும்பி மறைந்த பிறகுதான் கை தலைக்கு மேல் எழுந்தது. நல்லா இருங்க, நல்லா இருங்க என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு அந்த ரோட்டோரத்தில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு பட்டாண் லாரி டிரைவர், நான் வண்டிக்குத்தான் கை காட்டுகிறேன் என்று நினைத்து பிரேக் போட்டுவிட்டார். கதவைத் திறந்து, “கிதர் ஜானா ஹை, பாய்?” என்றார்.

எங்கேயும் இல்லை என்றேன். அவர் போகவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். குடித்தேன்.

மாப்பிள்ளை உன்னிடம் பேச ஆரம்பித்துவிட்டாரா? எழுது.

அண்ணன்
கார்மேகம்